வம்சாவளிச் சங்கத்துக்குச் சந்தா கட்டலாமா? உள்ளே என்ன கிடைக்கிறது என்று ஒரு மதிப்பீடு

குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கூடும் உள்ளூர் வம்சாவளிச் சங்கம் எதன் அறிவிப்புத் தாளை எடுத்தாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். மாதச் சொற்பொழிவு, உதவி மேசை, மென்பொருள் வகுப்பு, பழைய படங்களை ஸ்கேன் செய்யும் நாள், கல்லறைப் பதிவு, மரபணுக் குழு, காலாண்டு இதழ். தாளில் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கும். எது பயன்படும், எது பெயருக்கு நடக்கும் என்பது சந்தா கட்டி ஓராண்டு போன பிறகுதான் பலருக்குத் தெரிகிறது. அந்த ஓராண்டை மிச்சப்படுத்தவே இந்த மதிப்பீடு. அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்த நிகழ்வுக்குப் போய் வந்தபின் உங்கள் குடும்பப் பதிவில் ஆதாரத்தோடு ஒரு வரி கூடியதா, அல்லது தவறான ஒரு வரி நீங்கியதா?

சொற்பொழிவைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பொதுத் தலைப்புகளில் பேச்சுக் கேட்க இன்று சங்கம் தேவையில்லை. சால்ட் லேக் சிட்டியில் 2011இல் தொடங்கிய ரூட்ஸ்டெக் என்ற குடும்ப வரலாற்று மாநாடு 2021 முதல் ஏராளமான உரைகளை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதனால் 'குடும்ப வரலாற்றைத் தொடங்குவது எப்படி' என்பதையே ஆண்டுதோறும் திரும்பத் திரும்பப் பேசவைக்கும் சங்கத்தில் சேர அந்தப் பேச்சு ஒரு காரணமாகாது. விதிவிலக்கு உண்டு. குறிப்பிட்ட ஓர் ஆவணத் தொகுதியில் பல ஆண்டு உழன்றவர் வந்து, மூலப் பக்கங்களைத் திரையில் போட்டு, எந்தக் கட்டத்தில் எது எழுதப்பட்டது, எழுத்தர் எந்தச் சொல்லை எப்படிச் சுருக்கினார், படிவம் எந்த ஆண்டில் மாறியது என்று காட்டினால், அது தவறவிடக் கூடாத பேச்சு. பேச்சாளர் மூலப் பக்கத்தைக் காட்டுகிறாரா, அல்லது வரிவரியாகத் தட்டச்சு செய்த சிலைடுகளை மட்டும் வாசிக்கிறாரா என்பதை முதல் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

சந்தாவுக்கு ஈடான பொருள் உதவி மேசையில்தான் இருக்கிறது. நம் தாளை மேசையில் விரித்து, நம் குடும்பத்தின் மேல் எந்தப் பற்றும் இல்லாத இன்னொருவர் கண்ணால் அதைப் பார்க்கவைப்பது. இதை எந்த இணையதளமும் தருவதில்லை. நாம் பார்க்க விரும்புவதையே பார்த்துக்கொண்டிருக்கும் பழக்கத்தை முறிக்க வேறு வழியும் இல்லை.

ஆனால் அந்த மேசையைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். ஆளுக்கு முப்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், நூறு பேர் கொண்ட குடும்ப மரத்தை முப்பது நிமிடத்தில் யாராலும் பார்க்க முடியாது. ஒரே ஒரு கேள்வியோடு போக வேண்டும். 'என் முன்னோர் யார்?' என்பது கேள்வியே அல்ல. 'இந்தப் பெயருடையவர், இந்த ஊரில், இந்தப் பத்தாண்டுக்குள் பிறந்தவர். இவருடைய தாய் யார்?' என்பதுதான் கேள்வி. அதோடு மூன்று தாள்கள் வேண்டும். அந்த ஒருவரின் வாழ்க்கையை ஆண்டு வரிசையில் எழுதிய ஒரு பக்கம். கையில் உள்ள ஆவணங்களின் நகல். நாமே தட்டச்சு செய்த வடிவம் அல்ல, மூலத்தின் படம். மூன்றாவது, தேடல் குறிப்பு: எந்தத் தொகுதியில் தேடினோம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தெந்த எழுத்துக்கூட்டலில், அகரவரிசைப் பெயர்ப்பட்டியலை மட்டும் பார்த்தோமா, பக்கம் பக்கமாகப் பார்த்தோமா, கிடைக்காதது எது. பெரும்பாலோர் கிடைத்ததை மட்டும் கொண்டுவருகிறார்கள். கிடைக்காததை எழுதிவைக்காவிட்டால், உதவுகிறவர் முதல் இருபது நிமிடத்தை நாம் ஏற்கெனவே தோண்டிய குழியைத் திரும்பத் தோண்டுவதில் செலவழிப்பார்.

முன்னோருக்கு எண் இட்டுக்கொண்டு போனால் பேச்சு வேகமாக நகரும். ஸ்பானிய வம்சாவளியாளர் சோசா 1676இல் கையாண்டு, 1898இல் ஜெர்மானிய வம்சாவளியாளர் கெக்குலே ஃபொன் ஸ்ட்ராடோனிட்ஸ் பரப்பிய முறை எளியது. நீங்கள் 1. யாருடைய எண்ணையும் இரட்டித்தால் அவருடைய தந்தை. இரட்டித்து ஒன்று கூட்டினால் தாய். தாய் 3, தாயின் தந்தை 6, அவருடைய தாய் 13. '13ஆம் எண்ணின் திருமணம் எங்கே?' என்று கேட்டால் குழப்பமில்லை. உங்களை முதல் தலைமுறையாக எண்ணினால் பத்தாம் தலைமுறையில் மட்டும் 512 இடங்கள் உண்டு. சொந்தத்துக்குள் மணம் நடந்த குடும்பங்களில் ஒரே மனிதர் இரண்டு மூன்று எண்களில் வந்து நிற்பார். அதைப் பிழை என்று அழித்துவிடக் கூடாது.

நல்ல உதவியாளரை அவர் கேட்கும் முதல் கேள்வியே காட்டிக்கொடுக்கும்: 'இதைச் சொன்னது யார்?' இறப்புப் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த நாளுக்கு அது வலுவான சான்று. சொன்னவர் அன்று அங்கே இருந்தவர். அதே தாளில் உள்ள பிறந்த ஆண்டோ, பெற்றோர் பெயரோ அப்படியல்ல. மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கலாம். ஒரே தாள் ஒரு செய்திக்கு வலிமையாகவும் இன்னொன்றுக்கு மெலிந்தும் இருக்கும். இந்தப் பிரிவினையைச் சொல்லிக்கொடுக்கும் மேசை எங்கிருந்தாலும் அங்கே போகலாம். 1964இல் தொடங்கிய அமெரிக்க வம்சாவளியாளர் சான்றளிப்பு வாரியம் நிரூபணத்துக்கு ஐந்து நிபந்தனைகள் வைக்கிறது: நியாயமான அளவுக்கு முழுமையான தேடல், ஒவ்வொரு செய்திக்கும் துல்லியமான மூலக் குறிப்பு, சான்றுகளை ஒப்பிட்டு ஆராய்தல், முரண்களைத் தீர்த்தல், முடிவைக் காரணத்தோடு எழுதிவைத்தல். தொடக்கநிலையாளர்கள் வழுக்குவது நான்காவதில். முரணான சான்றைத் தீர்ப்பதற்குப் பதில் கண்ணில் படாமல் வைத்துவிடுகிறார்கள்.

மேசையில் அடிக்கடி அவிழும் முடிச்சுகள் சில உண்டு. குழந்தை இறந்தபின் அடுத்துப் பிறந்த குழந்தைக்கு அதே பெயர் வைப்பது பல சமூகங்களில் இருந்த வழக்கம். முதல் குழந்தையின் பிறப்புப் பதிவை இரண்டாமவருக்கு ஒட்டிவிட்டால் வயது எங்குமே பொருந்தாது. வயதும் நம்பத் தகுந்ததல்ல. இங்கிலாந்தின் 1841 மக்கள்தொகைக் கணக்கில் 15 வயதுக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அங்கே 30 என்று இருந்தால் 34 வரை எதுவாகவும் இருக்கலாம். நாட்காட்டியும் காலை வாரும். இங்கிலாந்தில் 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. 1700 பிப்ரவரி என்று அக்காலப் பதிவு சொல்வது இன்றைய கணக்கில் 1701. ஏப்ரலில் திருமணம், 'அதே ஆண்டு' பிப்ரவரியில் குழந்தை என்று கண்டு திகைக்க வேண்டியதில்லை. குழந்தை பத்து மாதம் கழித்துத்தான் பிறந்திருக்கிறது.

மோசமான மேசையும் உண்டு. உட்கார்ந்தவுடன் மடிக்கணினியைத் திறந்து, பெரிய இணையதளம் ஒன்றில் பெயரைத் தட்டி, முதலில் வரும் பிறர் மரத்தை 'இதோ' என்று இணைத்துத் தருவார்கள். பத்து மரங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் அது பத்து சான்றுகள் அல்ல. ஒன்பது பேர் ஒருவரைப் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். அந்த மேசையிலிருந்து எழுந்துவிடுவது நல்லது.

மென்பொருள் வகுப்புகளில் தரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. கட்டணமற்ற மென்பொருளில் நடத்தினால் வகுப்பு முடிந்த பிறகும் கற்றதைத் தொடரலாம் என்பதால், 2001 முதல் வளர்ந்துவரும் கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருள் நல்ல தேர்வு. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். தரவு நம் கணினியிலேயே இருக்கும். குறை என்னவென்றால், முதல் நாளில் அதன் திரை மிரட்டும். வகுப்பு நடத்துகிறவர் எந்த வரிசையில் தொடங்குகிறார் என்று கவனியுங்கள். 'ஆளைச் சேர், பெயரைத் தட்டு, அடுத்த ஆள்' என்று போனால் ஒரு மணி நேரத்தில் ஐம்பது பேர் சேர்ந்துவிடுவார்கள், ஒருவருக்கும் மூலம் இருக்காது. பிறகு உட்கார்ந்து மூலம் சேர்ப்பவர் அரிது. சரியான வரிசை தலைகீழானது: முதலில் ஆவணம் இருக்கும் காப்பகம், அடுத்து அந்த ஆவணத் தொகுதி, அடுத்துப் பக்க எண்ணோடு மேற்கோள் (செய்தி எங்கே இருக்கிறது என்ற மூலக் குறிப்பு), அதன்பின் நிகழ்வு, கடைசியாகத்தான் ஆள். கிராம்ப்ஸில் மேற்கோளும் நிகழ்வும் தனித்தனிப் பதிவுகள் என்பதால், ஒரே மேற்கோளை ஒரு திருமணத்தின் இரு தரப்புக்கும் சாட்சிகளுக்கும் சேர்த்து இணைக்க முடியும். இந்த ஒரு வசதியைப் புரியவைத்தாலே வகுப்பு வென்றது.

பெயர்க் கட்டம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். பெரும்பாலான மென்பொருள்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று நம்பி எழுதப்பட்டவை. தந்தை பெயரையே பின்னால் கொள்ளும் மக்களுக்கு இது தொல்லை. தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் வெறுமனே போட்டால், பட்டியலில் தாத்தா ஓரிடத்திலும் பேரன் வேறிடத்திலும் சிதறுவார்கள். உறவில்லாத இருவர் ஒரே குடும்பம் போல அடுத்தடுத்து வருவார்கள். கிராம்ப்ஸில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் அது எவ்வகைப் பெயர் என்று குறிக்கும் இடம் இருக்கிறது: பரம்பரையாக வந்தது, தந்தைவழி, தாய்வழி, ஊர், தொழில் என்று. அதைத் தவறாமல் குறிக்க வேண்டும். ஆவணத்துக்கு ஆவணம் மாறும் எழுத்துக்கூட்டல்களை மாற்றுப் பெயர்களாக, ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய மேற்கோளோடு சேர்க்கலாம். ஒன்றைச் 'சரி' என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிப்பது பின்னால் தேடுகிறவரின் கண்ணைக் கட்டுவதாகும். பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரில் பதியுங்கள். கணவர் வழிப் பெயர் மாற்றுப் பெயராக இருக்கட்டும். தேதி தெரியாதபோது ஜனவரி 1 என்று போடவே கூடாது. 'சுமார் 1870', '1870க்கு முன்', '1868க்கும் 1872க்கும் இடையே' என்பவற்றுக்கெல்லாம் மென்பொருளில் வழி இருக்கிறது. கற்பனையான ஜனவரி 1 இரண்டு முறை நகலெடுக்கப்பட்டால் உண்மையான பிறந்தநாளாகிவிடும்.

மென்பொருள் மாறும்போது கோப்பைக் கொண்டுபோகும் பாலம் ஜெட்காம் என்ற பொதுக் கோப்பு வடிவம். இதில்தான் அதிக இழப்பு நேர்கிறது, பல வகுப்புகள் இதைத் தொடுவதே இல்லை. ஜெட்காம் கோப்புக்குள் படங்கள் இருக்காது. படம் கணினியில் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கும். கோப்பை உறவினருக்கு அனுப்பினால் அவருக்குக் காலிச் சட்டங்கள்தான் போய்ச் சேரும். எழுத்துருக் குறிமுறை அடுத்த ஆபத்து. பழைய கோப்புகள் ஆன்செல் என்ற குறிமுறையில் சேமிக்கப்பட்டன. அதில் லத்தீன் எழுத்துகள் நிற்கும், தமிழ் நிற்காது. தமிழில் பெயர்களைப் பதிந்தவர் ஏற்றுமதியின்போது எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறிமுறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கேள்விக்குறிகளின் வரிசைதான் மிஞ்சும். 1999இல் வரைவாக வந்து 2019இல் தரமாக ஏற்கப்பட்ட ஜெட்காம் 5.5.1 பதிப்பு யூடிஎஃப்-8ஐ அனுமதிக்கிறது. 2021இல் வந்த 7.0 அதை மட்டுமே ஏற்கிறது, படங்களையும் சேர்த்துக் கட்டும் பொதி வடிவத்தையும் தருகிறது. ஆனால் எல்லா மென்பொருளும் 7.0க்கு வந்துவிடவில்லை. ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் ஆட்கள், குடும்பங்கள், மூலங்கள் எண்ணிக்கையைக் குறித்து ஒப்பிடுவதுதான் நம்பகமான சோதனை. எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் காரணம் தெரியாமல் பழைய கோப்பை நீக்கக் கூடாது.

ஸ்கேன் நாள் எல்லாச் சங்கங்களிலும் கூட்டம் சேரும் நிகழ்வு. அவசரத்தாலேயே கெடும் நிகழ்வும் அதுதான். படத்தைத் துடைத்து, வைத்து, ஸ்கேன் செய்து, பெயரிட்டு, பின்பக்கத்தையும் எடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நிமிடம் ஆகும். ஒரு கருவிக்கு மணிக்கு முப்பது படம் என்று கணக்கு. இருநூறு படங்களோடு வந்து வரிசையில் நிற்பவரிடம் 'இருபதைத் தேர்ந்தெடுங்கள்' என்று முன்கூட்டியே சொல்லும் சங்கம் அனுபவமுள்ள சங்கம். அச்சிட்ட புகைப்படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), எழுத்து ஆவணத்துக்கு 300 போதும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600இல் 2400க்கு 3600 புள்ளிகள். சுருக்கப்படாத டிஃப் கோப்பாக ஏறக்குறைய 26 மெகாபைட். ஃபிலிம் சுருளுக்கு 600 எதற்கும் உதவாது. 35 மிமீ சட்டம் அவ்வளவு சிறியது. 3000 டிபிஐக்குக் குறையக் கூடாது. மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, பகிர்வதற்கு அதிலிருந்து ஜேபெக் எடுக்க வேண்டும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ண முறையிலேயே எடுங்கள்; பழுப்பேறிய மையும் கறையும் எழுத்தும் வண்ணத்தில்தான் பிரிந்து தெரியும். 'படத்தை மேம்படுத்து' என்ற தானியங்கி வசதிகளை எல்லாம் அணைத்துவைக்க வேண்டும். கூர்மையாக்குகிறேன் என்று அது முகத்தின் நுண்விவரத்தைத் தேய்த்துவிடும். பின்பக்கத்தைத் தவறாமல் எடுக்க வேண்டும். புகைப்பட நிலையத்தின் முத்திரையிலிருந்தே ஊரையும் காலத்தையும் நெருங்கிவிட முடிகிறது.

பசை ஆல்பத்தில் ஒட்டிய படத்தை நகத்தால் கிளப்பினால் படம் வளைந்து மேற்பூச்சு வெடிக்கும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் மெழுகற்ற நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையே மெல்ல அறுப்பதுபோல் இழுத்துப் பார்க்கலாம். சிறிது எதிர்ப்புத் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு, பக்கத்தோடு சேர்த்துக் கேமராவில் எடுத்துவிட வேண்டும். கையுறை பற்றியும் பலருக்குத் தவறான எண்ணம். புகைப்படத்துக்கும் ஃபிலிமுக்கும் கையுறை வேண்டும். பழந்தாளுக்குக் கழுவி உலர்ந்த கையே நல்லது. பருத்திக் கையுறை விரலின் உணர்வை மறைத்துத் தாள் கிழியக் காரணமாகும். பெட்டியைத் திறந்ததும் காடிபோலப் புளித்த மணம் வந்தால் அசிட்டேட் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியே பிரித்து முதலில் ஸ்கேன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது.

ஒரு சங்கம் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்செல்லும் மிகச் சிறந்த பொருள் கல்லறைப் பதிவு என்பது எங்கள் உறுதியான எண்ணம். எழுத்து ஆண்டுதோறும் அழிந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை போனால் திரும்பாது. ஆனால் தெரியாமல் இறங்கினால் காப்பாற்ற வந்தவர்களே அழிப்பார்கள். கம்பி பிரஷ், பிளீச்சிங் திரவம், சவர நுரை, மாவு, சுண்ணக்கட்டி எதுவும் கல்லின் அருகே வரக் கூடாது. நுரையும் மாவும் எழுத்தை எடுப்பாகக் காட்டும், உண்மைதான். ஆனால் கல்லின் நுண்துளைகளில் தங்கிப்போய்ச் சேதம் செய்யும். சுத்தமான தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும், அதுவும் உரிமை உள்ளவர்களின் அனுமதியோடு. தட்டினால் உள்ளீடற்ற ஓசை வரும் கல்லையும், செதில் செதிலாக உரியும் கல்லையும் தொடவே வேண்டாம்.

எழுத்தை வாசிக்க ஒளிதான் கருவி. நேர் வெயிலில் தட்டையாகத் தெரியும் எழுத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி உராய்ந்து போகும்போது நிழலோடு எழுந்து நிற்கும். இருவர் வேண்டும். ஒருவர் பெரிய கண்ணாடியால் வெயிலைக் கல்லின் பக்கவாட்டில் திருப்ப, மற்றவர் எடுப்பார். கல்லுக்கு நான்கு படங்களுக்குக் குறையக் கூடாது: முழுக் கல், எழுத்து மட்டும், பின்புறமும் பக்கங்களும், அண்டையிலுள்ள கற்களோடு சேர்ந்த காட்சி. கடைசிப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் புதைக்கப்பட்டவர் பெரும்பாலும் உறவினர். கைபேசியின் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பவும் கூடாது. திறந்த வானத்திலேயே அது ஐந்து மீட்டர் அளவுக்குப் பிசகும். அந்த ஐந்து மீட்டருக்குள் நாலைந்து கல்லறைகள் அடங்கிவிடும். வரிசை எண், வரிசையில் எத்தனையாவது கல் என்பதைக் காகித வரைபடத்தில் குறித்தே ஆக வேண்டும்.

கல்லில் உள்ளதைப் பார்த்து எழுதும் எழுத்துப்பெயர்ப்பில் திருத்தம் செய்யக் கூடாது. கல்லில் பிழையாக இருந்தால் பிழையாகவே, வரி முறிவுகளும் அப்படியே. படிக்க முடியாத இடத்தைச் சதுர அடைப்பில் காட்ட வேண்டும்; ஊகத்தை அதற்குள் கேள்விக்குறியோடு போடலாம். தேய்ந்த கல்லில் 1க்கும் 7க்கும், 3க்கும் 8க்கும், 5க்கும் 6க்கும் மயக்கம் வரும். அதனால் இருவர் தனித்தனியே எழுதி, மூன்றாமவர் ஒப்பிட வேண்டும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் எழுதினால் அது இரு கண்கள் அல்ல. ஒரு கண்ணும் ஒரு காதும். பெயர்களைப் பட்டியலாக்கும் தன்னார்வ வேலைக்கும் இதே விதிதான். இங்கிலாந்து, வேல்ஸ் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் அகரவரிசையை 1998 முதல் தன்னார்வலர்கள் எழுத்தாக்கிவரும் ஃப்ரீபிஎம்டி போன்ற முயற்சிகளில் சங்கமாகச் சேர்ந்து பங்கெடுப்பது, பழைய கையெழுத்தை வாசிக்கக் கற்க மிகச் சிறந்த வழி. முந்நூறு பக்கம் எழுதிய பிறகு எந்த எழுத்தரின் கையும் பழகிவிடும். இப்போது கையெழுத்தை இயந்திரமே வாசிக்கிறது. இலவச வம்சாவளித் தளமான ஃபேமிலிசர்ச் 2024இல் முழு உரைத் தேடலை வெளியிட்டது. அகரவரிசையில் பெயர் ஏறாமல் ஒளிந்திருந்த சாட்சிகளையும் அண்டை வீட்டாரையும் அது வெளியே இழுக்கிறது, பெரிய உதவி. ஆனால் இயந்திரம் 'இல்லை' என்று சொன்னதை 'ஆவணத்தில் இல்லை' என்று எழுதிவைத்துவிடக் கூடாது.

மரபணுக் குழு மிகுந்த கவனத்தோடு சேர வேண்டிய இடம். நல்ல குழு, பரிசோதனைக்கு எச்சில் கொடுப்பதற்கு முன்பே பேசத் தொடங்கும்: எதிர்பாராத உறவு வெளிப்பட்டால் என்ன செய்வீர்கள்? உங்கள் முடிவு உங்கள் உடன்பிறந்தாருடையதையும் பாதி சொல்லிவிடுமே, அவர்களிடம் கேட்டீர்களா? நிறுவனம் கைமாறினால் தரவு யாருக்குப் போகும்? இவை கற்பனைக் கேள்விகள் அல்ல. 2018இல் அமெரிக்கக் காவல்துறை, மரபணு முடிவுகளை ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் இருந்த தொலைதூர உறவினரின் தரவு வழியாகக் கொலையாளி ஒருவரைக் கண்டுபிடித்தது. 2025 மார்ச்சில் மரபணுப் பரிசோதனை நிறுவனமான 23அண்ட்மீ திவால் பாதுகாப்புக் கோரி மனு செய்தது. மாதிரி கொடுத்தவர்கள் யாரும் இவற்றை நினைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது குழுவின் அடுத்த கடமை. இருவர் பகிரும் மரபணுவின் அளவு சென்டிமார்கன் என்ற அலகில் வரும். பெற்றோர்–பிள்ளைக்கு ஏறக்குறைய 3,480, உடன்பிறந்தோருக்குச் சராசரி 2,610, உடன்பிறந்த இருவரின் பிள்ளைகளுக்குள் 870 அளவு, அடுத்த படியில் (அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குள்) 230, அதற்கடுத்து 70 சொச்சம். அந்தக் கடைசிப் படியில் சிலருக்குப் பொருத்தமே காட்டாது. அதனால் உறவில்லை என்று ஆகாது. 1,750 அளவில் வந்தால் அது தாத்தா பாட்டியா, பெற்றோரின் உடன்பிறந்தவரா, தாயோ தந்தையோ மட்டும் பொதுவான உடன்பிறப்பா என்று எண் தனியாகச் சொல்லாது. வயதும் ஆவணமும்தான் சொல்ல வேண்டும். 7 சென்டிமார்கனுக்குக் குறைந்த துண்டுகளில் பல தற்செயல் பொருத்தங்கள். அவற்றை வைத்து உறவு கட்டும் குழுவில் இருக்க வேண்டாம். இந்தச் சராசரிகள் எல்லாம் சொந்தத்துக்குள் மணம் செய்யாத குடும்பங்களுக்கானவை. முறை மணம் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில் பொருத்தம் பல வழிகளில் வந்து கூடும். எண் உறவை உண்மையைவிட நெருக்கமாகக் காட்டும். அங்கே மொத்தத்தைவிட மிக நீளமான ஒற்றைத் துண்டின் அளவைப் பார்ப்பது பயன் தரும். வெளியார் எழுதிய அட்டவணையை அப்படியே நம் குடும்பத்துக்குப் பொருத்தும் குழுக்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன.

நூலக அணுகல் கவனிக்கப்படாத நன்மை. 1894இல் யூட்டா வம்சாவளிச் சங்கமாகத் தொடங்கி, 1938 முதல் உலகின் ஆவணங்களை நுண்படமெடுத்த ஃபேமிலிசர்ச், 2017இல் படச்சுருளை இரவல் அனுப்புவதை நிறுத்தி, 2021இல் தன் நுண்படத் தொகுப்பை மின்வடிவமாக்கி முடித்தது. பதிவு இலவசம். ஆனால் காப்பகங்களோடு உள்ள ஒப்பந்தங்களால் சில படங்களை அதன் மையங்களிலும் இணைப்பு நூலகங்களிலும் மட்டுமே திறக்க முடியும். சங்கம் அத்தகைய நூலகத்தில் கூடுகிறதா என்று கேளுங்கள். அது ஒன்றே சந்தாவை நியாயப்படுத்தலாம். அந்தத் தளத்தின் பொது மரத்தில் ஒருவருக்கு ஒரே பக்கம், யாரும் திருத்தலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரே பெயருடைய இருவரை யாரோ இணைத்துவிட்டால் பிரிப்பதற்கு நாட்கணக்கில் ஆகும். உங்கள் மூலப் பதிவு உங்கள் கணினியில் இருக்கட்டும். பொது மரம் நகலாக மட்டும்.

இதழ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூலக் குறிப்போடு எழுத்துப்பெயர்ப்புகளை வெளியிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டப் படங்கள் மட்டும் நிரம்பியிருந்தால் அது இல்லாமலேயே போகலாம்.

சேருமுன் இரண்டு கூட்டங்களுக்கு விருந்தினராகப் போய் வாருங்கள். பார்க்க வேண்டியது, புதியவர் ஒருவர் மரத்தைக் காட்டும்போது 'எவ்வளவு பின்னால் போயிருக்கிறீர்கள்?' என்று கேட்கிறார்களா, 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கிறார்களா. உயிரோடு இருப்பவர்களின் பிறந்தநாளையும் முகவரியையும் திரையில் போட்டுவிட்டுப் பேசும் சங்கத்தில் உங்கள் குடும்பத் தாளைக் கொடுக்காதீர்கள். இறப்புச் செய்தி இல்லாமல், பிறந்து 110 ஆண்டு கடக்காதவரை உயிரோடு இருப்பவராகவே கருதுவது மென்பொருள்களில் பரவலான விதி. கிராம்ப்ஸில் ஏற்றுமதியின்போது உயிரோடு இருப்போரை விலக்கும் தெரிவும், ஒவ்வொரு பதிவுக்கும் பூட்டும் இருக்கின்றன.

செயலரிடம் நேராக இதையும் கேளுங்கள்: சங்கத்தின் கல்லறைப் பதிவுகளும் ஸ்கேன்களும் எத்தனை இடங்களில் நகலாக இருக்கின்றன, அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில் இருக்கிறதா, சங்கம் கலைந்தால் அவை எந்தப் பொது நூலகத்துக்குப் போகும் என்று எழுத்தில் இருக்கிறதா? பொருளாளர் வீட்டுக் கணினியில் இருக்கிறது என்பதே பதிலானால், கட்டும் சந்தாவோடு கணினிக்கு வெளியே இணைக்கும் ஒரு வன்தட்டையும் வாங்கிக் கொடுத்து, அடுத்த கூட்டத்திலேயே நகலெடுக்க வையுங்கள்.